கீழாநெல்லி: கல்லீரலுக்குக் காவல், களத்தில் கவனம்

மழை பெய்து பத்து நாள் ஆனதும் வரப்பிலும், வாய்க்கால் ஓரத்திலும், தென்னந்தோப்பிலும் ஒரு சிறு செடி முளைத்து நிற்கும். இலை நெல்லி இலையைப் போலிருக்கும். கிளையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் கடுகை விடச் சற்றுப் பெரிய பச்சைக் காய்கள் வரிசையாகத் தொங்கும். இதுவே கீழாநெல்லி. களை என்று நாம் பிடுங்கி எறியும் இச்செடிதான் வீட்டில் ஒருவருக்கு மஞ்சள் காமாலை என்றதும் முதலில் தேடும் செடியும் ஆகும்.

இதைப் பயிராகவும் சாகுபடி செய்யலாம். ஆனால் அதற்கு முன் மூன்று செய்திகளை விவசாயிகள் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். சரியான செடி எது, அது கல்லீரலுக்கு எந்த அளவுக்கு உதவும், அறுத்த செடி எப்படிக் கெட்டுப்போகும் என்பவையே அவை. இந்த மூன்றில் எதில் தவறினாலும் மருந்து என்று நினைத்துக் கொடுப்பது வீணாகும். சில சமயம் தீங்கும் ஆகும்.

கல்லீரலின் வேலை

வயிற்றின் வலப்பக்கத்தில், விலா எலும்புகளுக்கு உள்ளே இருக்கிறது கல்லீரல். வளர்ந்த மனிதருக்கு இது ஏறக்குறைய 1.5 கிலோ எடையிருக்கும். குடலில் செரித்த உணவின் சத்து இரத்தத்தோடு முதலில் இங்குதான் வந்து சேருகிறது. சத்தைச் சேமிப்பதும், உடலில் புகுந்த நஞ்சை முறிப்பதும், பித்தநீரைச் சுரப்பதும் இதன் வேலை. பண்ணையில் களஞ்சியமும் காவலும் ஒருவரே பார்ப்பது போன்றது இது.

நம் இரத்தத்தில் உள்ள சிவப்பு அணுக்கள் பழையதாகி அழியும்போது ஒரு மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. அதைக் கல்லீரல் பித்தநீரோடு சேர்த்து வெளியேற்றிவிடும. கல்லீரல் நலிந்தாலும், பித்தக்குழாய் அடைபட்டாலும் அந்த நிறப்பொருள் இரத்தத்தில் தங்கிவிடுகிறது. அப்போது கண்ணும் தோலும் மஞ்சளாகின்றன. சிறுநீர் கடுஞ்சிவப்பு கலந்த மஞ்சளாக இறங்குகிறது. ஆகவே மஞ்சள் காமாலை என்பது ஒரு தனி நோயன்று. பல நோய்களின் அடையாளம். இந்த ஒரு உண்மையை மனத்தில் இருத்தினால் மற்றவை எளிதில் விளங்கும்.

செடியை அடையாளம் காணுதல்

கீழாநெல்லிக்குத் தாவரவியலார் இட்ட பெயர் பில்லாந்தஸ் அமாரஸ். பில்லாந்தஸ் என்றால் இலையில் பூப்பது; அமாரஸ் என்றால் கசப்பானது. பெயரிலேயே இரண்டு அடையாளங்கள் இருக்கின்றன.

செடி ஓரடி முதல் இரண்டடி வரை உயரும். நடுத்தண்டு நேராக நிற்கும். இலைகள் நடுத்தண்டில் இருப்பதில்லை. பக்கக் கிளைகளில் மட்டுமே இரு வரிசையாக அமைந்திருக்கும். காய் வழவழப்பாக, சிறு காம்புடன், இலையின் அடியில் தொங்கும். வாயிலிட்டு மென்றால் நல்ல கசப்பு இருக்கும்.

இதைப் போலவே தோற்றமளிக்கும் செடிகள் சில உண்டு. சிவப்புக் கீழாநெல்லியின் தண்டு செந்நிறமாக இருக்கும். அதன் காய்க்குக் காம்பு இல்லை என்றே சொல்லலாம். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும். மேலாநெல்லியில் நடுத்தண்டிலும் இலைகள் இருக்கும். இலை நுனி அகன்றும் அடி குறுகியும் காணப்படும். இவற்றுக்கும் தனித்தனி மருத்துவப் பயன் உண்டு என்றாலும், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைக் கொடுப்பது சரியன்று.

கடைச்சரக்கிலும் இந்தக் கலப்பு உண்டு. தென்னிந்திய மூலிகைக் கடைகளில் வாங்கிய கீழாநெல்லிச் சரக்கை ஆராய்ந்து 2010ஆம் ஆண்டு ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஏறக்குறைய நான்கில் மூன்று பங்குச் சரக்கே பெரும்பாலும் உண்மையான கீழாநெல்லியாக இருந்தது. மற்றவற்றில் அதே இனத்தைச் சேர்ந்த வேறு செடிகள் இருந்தன. காட்டிலும் மேட்டிலும் கண்டதைப் பிடுங்கிக் கட்டுவதால் வரும் குறை இது. விதையறிந்து பயிரிடும் விவசாயிக்கு இதுவே ஒரு வாய்ப்பு.

செடியில் இருக்கும் சரக்கு

கீழாநெல்லியில் உள்ள பொருள்களில் பில்லாந்தின், ஹைப்போபில்லாந்தின் என்ற இரண்டு முக்கியமானவை. இவை தண்டை விட இலையில் மிகுதியாக உள்ளன. இலை உதிர்ந்த வெறுங்குச்சிக் கட்டுக்கு மருந்துக் கம்பெனிகள் விலை குறைப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆய்வுக்கூடத்தில் எலிகளுக்குக் கல்லீரலைக் கெடுக்கும் இரசாயனத்தையோ, மிகையான பாராசிட்டமால் மாத்திரையையோ, சாராயத்தையோ கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கீழாநெல்லிச் சாறு பெற்ற எலிகளின் கல்லீரல், பெறாதவற்றை விடக் குறைவாகவே சேதமடைந்தது. நஞ்சு தாக்கும்போது கல்லீரல் அணுக்களைத் துருப்பிடிக்காமல் காப்பது போன்ற ஒரு வேலையை இச்சாறு செய்வதாக விளக்குகிறார்கள். வெள்ளைக் கரிசலாங்கண்ணியில் உள்ள வெடலோலாக்டோன், நிலவேம்பில் உள்ள ஆண்ட்ரோகிராபோலைடு ஆகியவையும் எலிகளில் இவ்வாறே பயன் தந்துள்ளன. நம் வைத்தியர்கள் இம்மூன்று செடிகளையும் ஈரல் நோய்க்குக் கையாண்டு வந்தது வெறும் நம்பிக்கை அன்று என்பது இதனால் தெரிகிறது.

மனிதர்களிடம் கண்டது என்ன?

எலியில் பலித்தது மனிதரிடமும் அப்படியே பலிக்க வேண்டும் என்பதில்லை. இதற்குக் கீழாநெல்லியின் வரலாறே சான்று.

ஹெபடைடிஸ் பி என்ற கிருமியைக் கண்டறிந்ததற்காக 1976இல் நோபல் பரிசு பெற்றவர் அமெரிக்க அறிஞர் பாரூக் பிளம்பர்க். அவரும் நம் நாட்டு ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கீழாநெல்லியை ஆராய்ந்தார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.பி. தியாகராஜன் குழுவினரின் ஆய்வு 1988இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. இக்கிருமியை உடலில் சுமந்திருந்தவர்களுக்கு 200 மில்லிகிராம் கீழாநெல்லிப் பொடியை நாளுக்கு மூன்று வேளையாக 30 நாள் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேரின் இரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெறும் பொடி கொடுக்கப்பட்ட 23 பேரில் ஒருவருக்கே அவ்வாறு மறைந்தது. உலகமே திரும்பிப் பார்த்தது.

ஆனால் பிற இடங்களில் திரும்பச் செய்தபோது இதே பலன் கிட்டவில்லை. அதுவரை நடந்த ஆய்வுகளை எல்லாம் ஒன்று சேர்த்து எடைபோட்ட அறிக்கை ஒன்று 2011இல் வந்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி நோய்க்கு இச்செடி உறுதியாகப் பயன்தரும் என்று சொல்லச் சான்று போதாது என்று அது முடிவு கூறியது.

இதனால் கீழாநெல்லி பயனற்றது என்று கொள்ள வேண்டியதில்லை. கல்லீரலுக்குத் துணை செய்யக்கூடிய செடி. ஆனால் எல்லா மஞ்சள் காமாலையையும் தீர்க்கும் மருந்து அன்று என்று அளவோடு மதிக்க வேண்டும்.

"எங்கள் ஊரில் எத்தனையோ பேருக்குக் குணமாகியிருக்கிறதே" என்று கேட்கலாம். உண்மைதான். அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவும் ஹெபடைடிஸ் ஏ காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும். ஓய்வும் எளிய உணவும் இருந்தால் போதும். அந்த நாள்களில் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தவர், செடியால்தான் குணமாயிற்று என்று கருதுவது இயல்பு. ஆனால் அடுத்தவருக்கு வந்த காமாலை அதே காமாலையாக இருக்க வேண்டுமென்று விதியில்லை.

வீட்டு வைத்தியம் போதாத இடங்கள்

பின்வரும் நிலைகளில் ஒரு நாளையும் வீணாக்காமல் அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சேற்று வயலில் நின்று வேலை செய்தவருக்குக் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு ஆகியவற்றுடன் மஞ்சளும் கண்டால் அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் உள்ள கிருமி, காலில் உள்ள வெடிப்பு, புண் வழியாக உடலில் புகுவதால் இது வருகிறது. தொடக்கத்திலேயே தகுந்த மருந்து கொடுத்தால் பிழைக்க வைக்கலாம். தாமதித்தால் சிறுநீரகமும் பழுதாகும். நடவு, களையெடுப்புக் காலத்தில் இதை மறக்கக் கூடாது.

கர்ப்பிணிக்கு மஞ்சள் கண்டால் அது ஆபத்து. தண்ணீரால் பரவும் ஹெபடைடிஸ் இ கர்ப்பிணிகளின் உயிருக்கே உலை வைக்கக்கூடியது. மருத்துவர் சொல்லாமல் அவர்களுக்கு எந்த மூலிகையும் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் எலிக்கு வைத்த மஞ்சள் பாஸ்பரஸ் பசையைக் குழந்தை வாயில் வைத்துவிட்டால், நன்றாக விளையாடுகிறதே என்று இருந்துவிடக் கூடாது. முதல் ஓரிரு நாள் ஒன்றும் தெரியாது. அதற்குப் பின்னரே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். இந்த நஞ்சுக்கு எந்தச் செடியின் சாறும் மாற்று ஆகாது. இத்தகைய பசையை வீட்டில் வைக்காமலிருப்பதே நல்லது.

மனக்குழப்பம், ஓயாத தூக்கம், இரத்த வாந்தி, கறுப்பு மலம், வயிறு வீக்கம், வெளிறிய மலத்துடன் உடல் அரிப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் உடனே போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் மஞ்சள் நீடித்தாலும் பரிசோதனை அவசியம். பித்தக்குழாயில் கல் அடைத்திருந்தால் எத்தனை நாள் சாறு குடித்தாலும் அது இறங்காது.

மணிக்கட்டில் சூடு போடுவதும், மூக்கில் கசப்புச் சாறு விடுவதும் அடியோடு விடத்தக்க பழக்கங்கள். நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள் கீழாநெல்லி உட்கொள்வதாக இருந்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டே உட்கொள்ள வேண்டும். பிறந்த குழந்தைக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி அரசு மருத்துவமனைகளில் இலவசமாகப் போடப்படுகிறது. அதைத் தவறவிடலாகாது.

சாகுபடி முறை

கீழாநெல்லி எல்லா வகை மண்ணிலும் வளரும். வடிகால் வசதியுள்ள, மட்கு நிறைந்த நிலம் ஏற்றது. லக்னோவில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட நவ்யகிருத் என்ற இரகத்தைப் பயிரிடலாம்.

ஏக்கருக்கு 400 கிராம் விதை போதும். புதிதாகத் தொடங்குவோர் ஐந்து சென்டில் மட்டும் பயிரிட்டுப் பார்ப்பது நல்லது. அதற்கு 20 கிராம் விதை வேண்டும். விதை மிகவும் நுண்ணியது. ஆகவே உலர்ந்த மணலோடு கலந்து மேட்டுப்பாத்தியில் சீராகத் தூவ வேண்டும். மேலே கனமாக மண் போடக் கூடாது. பூவாளியால் நீர் தெளிக்க வேண்டும். வேகமாகப் பாய்ச்சினால் விதை ஓரிடத்தில் ஒதுங்கிவிடும்.

நாற்று 10 முதல் 15 சென்டிமீட்டர் உயரம் வந்ததும் பிடுங்கி நடலாம். வரிசைக்கு வரிசை 15 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். இந்தக் கணக்கில் சென்டுக்கு ஏறக்குறைய 2,700 நாற்றுகள் பிடிக்கும். கடைசி உழவின்போது ஐந்து சென்டுக்கு 250 முதல் 400 கிலோ வரை மக்கிய தொழு உரம் இட்டால் போதும். நட்டவுடன் ஒரு தண்ணீரும், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீரும் கொடுத்து, பிறகு மண்ணின் ஈரம் பார்த்துப் பாய்ச்சலாம்.

களையைக் கையால்தான் எடுக்க வேண்டும். களைக்கொல்லியும் பூச்சிக்கொல்லியும் இந்தப் பயிருக்கு ஆகாது. நோயாளியின் நலிந்த ஈரலுக்குப் போகப்போகும் செடி இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். இதே காரணத்தால், மருந்து தெளித்த பருத்தி வயலிலும் கத்தரித் தோட்டத்திலும் தானாக முளைத்த கீழாநெல்லியை வீட்டு வைத்தியத்துக்கும் எடுக்கக் கூடாது. சாக்கடை ஓரத்துச் செடியும் வேண்டாம்.

நட்ட 80 முதல் 100 நாளில், இலை பசுமையாக இருக்கும்போதே அறுவடை செய்ய வேண்டும். தாமதித்தால் இலை உதிர்ந்துவிடும். விதைக்கென்று சில செடிகளை விட்டுவைக்கலாம். காய் முற்றினால் வெடித்து விதை சிதறும். ஆகவே காய் பழுப்பு நிறமாகத் தொடங்கும்போதே செடியை அறுத்து, துணியில் பரப்பி, மேலே இன்னொரு மெல்லிய துணியால் மூடி வைத்தால் விதை வீணாகாது.

விற்பனையைப் பொறுத்தவரை, யார் வாங்குவார்கள், பச்சையாகவா உலர்த்தியா, என்ன விலை என்பதை எழுத்தில் பேசிக்கொண்ட பிறகே நடவு செய்ய வேண்டும். உலர்ந்தால் எடை வெகுவாகக் குறையும். வாங்குபவரிடம் விலை பேசுமுன், ஒரு கிலோ பச்சைச் செடியை நிறுத்து உலர்த்திப் பார்த்து உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

உலர்த்துவதில்தான் எல்லாம் இருக்கிறது

அறுத்த செடியின் வேரில் உள்ள மண்ணை நன்றாக அலசி, நீரை வடியவிட்டு, நிழலில் மெல்லிய அடுக்காகப் பரப்ப வேண்டும். நாளுக்கு இருமுறை புரட்டிவிட வேண்டும். வெறுந்தரையில் போடாமல் தார்ப்பாயிலோ கயிற்றுக்கட்டிலிலோ உலர்த்துவது நல்லது. தண்டை வளைத்தால் 'மளுக்' என்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் ஈரம் இருக்கிறது என்று பொருள். ஈரத்தோடு மூட்டை கட்டினால் பூசணம் பிடிக்கும்.

பூசணம் பிடித்தால் என்ன, தட்டிவிட்டால் போகிறது என்று எண்ணுவது பெருந்தவறு. நிலக்கடலை, மக்காச்சோளம் போன்றவற்றிலும், சரியாக உலராத மூலிகைகளிலும் வளரும் ஒருவகைப் பூசணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தபோதுதான் இந்த நஞ்சு வெளிச்சத்துக்கு வந்தது. அவற்றுக்குக் கொடுத்த பிண்ணாக்கில் பூசணம் பிடித்த நிலக்கடலை இருந்தது. இந்த நஞ்சு முதலில் தாக்குவது கல்லீரலைத்தான். நாள்பட உடலில் சேர்ந்தால் கல்லீரலில் புற்றுநோயும் உண்டாகும்.

நம் நாட்டிலேயே இதற்கு ஒரு துயரமான பாடம் உண்டு. 1974இல் ராஜஸ்தான், குஜராத் மாநிலங்களின் பழங்குடி கிராமங்களில் மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தை, வேறு உணவில்லாத ஏழை மக்கள் உண்டார்கள். அவர்களில் 397 பேருக்கு மஞ்சள் காமாலையும் வயிறு வீக்கமும் கண்டன. 106 பேர் இறந்தார்கள். அதே சோளத்தைத் தின்ற ஊர் நாய்களும் மடிந்தன. சமைத்தாலும் வறுத்தாலும் இந்த நஞ்சு முழுவதும் அழிவதில்லை.

ஆகவே கல்லீரலைக் காக்கும் மிகப்பெரிய வைத்தியம் நம் களத்திலேயே இருக்கிறது. நிலக்கடலையைப் பறித்ததும் குவித்து வைக்காமல், காய் குலுக்கினால் பருப்பு கலகலக்கும் வரை உலர்த்த வேண்டும். உடைந்த காய், பூச்சி அரித்த காய், சுருங்கிய பருப்பு, பூசணம் பிடித்த பருப்பு ஆகியவற்றைப் பொறுக்கி நீக்க வேண்டும். மூட்டைகளைச் சுவரில் சாய்க்காமல் மரச்சட்டத்தின் மேல் அடுக்க வேண்டும். விற்க முடியாத சொத்தைக் கடலையை வீட்டுச் செலவுக்கு வைத்துக்கொள்ளும் வழக்கத்தையும், எண்ணெய்க்கு ஆட்டும் வழக்கத்தையும் விட வேண்டும்.

ஆடு, மாடு, கோழிகளுக்கும் இதே நியாயம்

கழித்த கடலையையும் பூசணம் பிடித்த பிண்ணாக்கையும் மாட்டுக்குப் போட்டால், அந்த நஞ்சின் ஒரு பகுதி பாலில் இறங்கி நம் பிள்ளைகளுக்கே திரும்பி வரும். கோழிக்குப் போட்டால் ஈரல் வெளிறி வீங்கும், முட்டை குறையும். கோழிகளுக்கு மூலிகை ஈரல் மருந்துகள் கொடுப்பது வழக்கத்தில் இருக்கிறது. தீவனம் கெட்டிருக்கும்போது மருந்து மட்டும் கொடுப்பது ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுவதாகும். முதலில் தீவனத்தை மாற்ற வேண்டும்.

வறட்சிக் காலத்தில் ஆடுமாடுகள் பசி தாங்காமல் உண்ணிச்செடியை மேய்வதுண்டு. அதன் நஞ்சும் கல்லீரலையே கெடுக்கிறது. கண் மஞ்சளாதல், மலச்சிக்கல், வெயில் பட்ட இடத்தில் தோல் புண்ணாதல் ஆகியவை இதன் அறிகுறிகள். கால்நடையை உடனே நிழலில் கட்டி, நல்ல தண்ணீர் வைத்து, கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும். மேய்ச்சலுக்கு விடுமுன் ஒரு பிடி வைக்கோலாவது போட்டு அனுப்பினால் இந்தச் செடியை நாடாது.

முடிவாக

வீட்டுக்கொல்லையில் ஒரு பாத்தி கீழாநெல்லி இருப்பது நல்லதே. பெரியவர்கள் கற்றுத் தந்த செல்வம் அது. ஆனால் கண்ணில் மஞ்சள் தெரிந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை, பிறகுதான் செடி என்ற வரிசையை மாற்ற வேண்டாம். மருத்துவர் காரணத்தைக் கண்டறிந்து சொன்ன பின், அவர் தடை சொல்லாவிட்டால், தேர்ந்த சித்த வைத்தியர் கூறும் அளவில் கீழாநெல்லியை உட்கொள்ளலாம். அரசு மருத்துவமனைகள் பலவற்றில் சித்த மருத்துவப் பிரிவும் உண்டு.

குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வைப்பது, சாராயத்தைத் தொடாதிருப்பது, விளைபொருளை உலர்த்திச் சேமிப்பது ஆகிய மூன்றும் கல்லீரலுக்கு நாம் அன்றாடம் செய்யும் காவல். இவற்றைச் செய்பவருக்கே கீழாநெல்லியும் துணை நிற்கும்.